படம் கெட்டால் பெட்டியைத் தட்டலாமா?

தொலைக்காட்சியில் படம் கெட்டுப்போனால் நம்மில் பலர் முதலில் செய்யும் வேலை ஒன்று உண்டு. எழுந்து சென்று பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவோம். படம் சரியாகிவிட்டால் பெருமை. சரியாகாவிட்டால் இன்னொரு தட்டு. அதற்கும் மசியாவிட்டால், பின்புறம் உள்ள ஒயர்களை எல்லாம் பிடுங்கி மாற்றி மாற்றிச் செருகுவோம். தற்செயலாகப் படம் வந்துவிட்டால், எதனால் வந்தது என்று நமக்கும் தெரியாது, பெட்டிக்கும் தெரியாது.

மாணவ நண்பர்களே! தொலைக்காட்சி பார்க்கும்போது இப்படிச் செய்வதால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் இருக்கும் பழைய வீடியோ காசெட்டை டிவிடி வட்டில் பதிவு செய்யும்போது நிலைமை வேறு. அப்போது படத்தில் இருக்கும் பழுதும் சேர்ந்தே வட்டில் பதிந்துவிடும். 'இன்னொரு நாள் திரும்பப் பதிந்துகொள்ளலாம்' என்று இருந்துவிட்டால், அந்த இன்னொரு நாளில் காசெட் ஓடும் என்பதற்கு யாரும் உறுதி கூற முடியாது.

ஆகவே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே ஒன்றுதான். படத்தில் தோன்றும் ஒவ்வொரு வகைப் பழுதும், தான் பிறந்த இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறது. அதைக் கண்டறிந்த பிறகே பதிவுப் பொத்தானை அழுத்த வேண்டும். இதற்குப் பொறியாளராக வேண்டிய அவசியம் இல்லை. உயர்நிலைப் பள்ளி இயற்பியலும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

விராலிமலை காட்டும் உதாரணம்

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் சாலையில், புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது விராலிமலை. குன்றின்மேல் முருகன் கோயில், சுற்றிலும் மயில்கள். இவ்விரண்டையும் பலர் அறிவார்கள். மூன்றாவதாக ஒன்றும் அவ்வூருக்கு உண்டு. அதுதான் சதிர் ஆட்டம். இன்று உலகெங்கும் மேடையேறும் பரதநாட்டியத்திற்கு முன்னோடி அது.

பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுத்து 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் சட்டம் இயற்றியது. 1948ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. அந்தப் பழைய வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆனால் வழக்கம் ஒழிந்தபோது, அதனோடு ஒட்டி வளர்ந்த ஆட்டக் கலையும் சிலரது உடலிலும் நினைவிலும் மட்டுமே தங்கிவிட்டது. அவர்களுள் ஒருவரான விராலிமலை ஆர். முத்துக்கண்ணம்மாளுக்கு 2022ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஏட்டில் எழுதிய பாட்டை இன்னொரு ஏட்டில் படியெடுக்கலாம். ஆனால் ஒருவர் கையை எப்படித் திருப்பினார், எந்தத் தாளத்தில் காலை எடுத்து வைத்தார், கண்ணை எப்போது உயர்த்தினார் என்பதை எழுத்து முழுமையாகத் தாங்காது. அதைத் தாங்கக்கூடியது படம்தான். சதிருக்கு மட்டுமல்ல, தைப்பூசத் தேருக்கும், கூத்துக்கும், தாத்தா பாட்டி நடந்து வந்த ஒரு கலியாண ஊர்வலத்திற்கும் இது பொருந்தும். 1980களிலும் 1990களிலும் எடுத்த இத்தகைய காட்சிகள் பலவும் வி.எச்.எஸ். காசெட்டுகளில்தான் இருக்கின்றன. விராலிமலையில் மட்டுமன்று, உங்கள் ஊர் அலமாரிகளிலும் இருக்கக்கூடும்.

வி.எச்.எஸ். முறை ஜப்பானில் 1976ஆம் ஆண்டு வெளிவந்தது. அதை ஓட்டும் வி.சி.ஆர். கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த நிறுவனமும் 2016ஆம் ஆண்டு தயாரிப்பை நிறுத்திவிட்டது. இனி இருப்பவை எல்லாம் பழைய கருவிகளே. காசெட்டோ, பாலியெஸ்டர் நாடாவின்மேல் பசை கொண்டு காந்தத் துகள்களை ஒட்டிச் செய்யப்பட்டது. ஈரக் காற்றில் அந்தப் பசை நைந்துபோகிறது. நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. கருவி ஒருபுறம் தேய, நாடா மறுபுறம் நைய, நமக்கு மிஞ்சியிருப்பது சில ஆண்டுகளே. அந்தச் சில ஆண்டுகளில் செய்யும் படியைத் திருத்தமாகச் செய்ய வேண்டாமா?

பம்பு செட்டும் படச் சங்கிலியும்

கிணற்றுப் பம்பு செட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் அனுபவமுள்ள மெக்கானிக் என்ன செய்கிறார்? எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்றுவதில்லை. கரண்ட் வருகிறதா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா, மோட்டார் சுற்றுகிறதா, புட்வால்வு தண்ணீரைத் தாங்குகிறதா என்று படிப்படியாகப் பார்க்கிறார். எந்தப் படியில் 'இல்லை' என்று விடை வருகிறதோ அந்த இடத்தில்தான் கை வைக்கிறார்.

நமது படத்திற்கும் இப்படி ஐந்து கண்ணிகள் உண்டு: காசெட், வி.சி.ஆர்., இணைப்பு ஒயர், டிவிடி பதிவுக்கருவி, கடைசியில் தொலைக்காட்சிப் பெட்டி. படம் இந்த வரிசையில்தான் பயணம் செய்கிறது. பழுது எந்தக் கண்ணியில் நுழைந்தது என்று அறிய இரண்டே சோதனைகள் போதும்.

முதல் சோதனை: டிவிடி கருவியை விலக்கிவிட்டு, வி.சி.ஆரை நேராகத் தொலைக்காட்சியுடன் இணைத்துப் பாருங்கள். பழுது அப்படியே இருந்தால் டிவிடி கருவிமேல் குற்றமில்லை. பழுது மறைந்துவிட்டால் அந்தக் கருவியிலோ, அதற்குச் செல்லும் ஒயரிலோதான் கோளாறு.

இரண்டாம் சோதனை: அதே வி.சி.ஆரில் வேறொரு காசெட்டை ஓட்டுங்கள். அதுவும் கெட்டுத் தெரிந்தால் வி.சி.ஆரைச் சந்தேகியுங்கள். அது நன்றாகத் தெரிந்தால் முதல் காசெட்டைச் சந்தேகியுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. பூஞ்சை பிடித்த காசெட்டைச் சோதனைக்குக்கூட உள்ளே போடாதீர்கள். கருவியில் பூஞ்சை ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் நல்ல காசெட்டுக்கும் பரவும். காசெட்டின் சிறு கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தாலே, சுருளின்மேல் வெண்மையான படலம் தெரியும்.

ஐந்து கண்ணிகளையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பதைவிட, நடுவில் வெட்டிச் சோதிப்பது விரைவானது என்பதைக் கவனித்தீர்களா? முதல் சோதனை அதைத்தான் செய்கிறது. இன்னொரு விதியையும் மறக்கக்கூடாது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. ஒயரையும் மாற்றி, காசெட்டையும் மாற்றி, பொத்தானையும் திருகினால், படம் சரியானாலும் காரணம் தெரியாது. வேதியியல் ஆய்வகத்தில் ஆசிரியர் சொல்லும் விதியும் இதுவே.

பழுது காட்டும் அடையாளங்கள்

இனி, படத்தில் தோன்றும் பழுதுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை என்ன சொல்கின்றன என்று காண்போம்.

படம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் பனி பெய்வதுபோல் தெரிகின்றனவா? குறிகை வலுவிழந்துவிட்டது என்று பொருள். வி.சி.ஆருக்குள் ஓர் உருளை நொடிக்கு 25 முறை சுழல்கிறது. அதில் பொருத்தப்பட்ட ஹெட் எனப்படும் நுண்ணிய காந்தமுனைகள்தான் நாடாவைப் படிக்கின்றன. அவற்றில் தூசி படிந்தால் பனி பெய்யும். சுத்தம் செய்ய வேண்டியதுதான். ஆனால் விரலாலோ பஞ்சுக் குச்சியாலோ தேய்க்கக்கூடாது. ஹெட் எளிதில் உடையக்கூடியது. பழகிய டி.வி. மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

பனி முழுவதும் பரவாமல், குறுக்கே ஒரு பட்டையாக மட்டும் நிற்கிறதா? அது வேறு செய்தி. நாடாவில் படம் சாய்வான கோடுகளாக எழுதப்பட்டிருக்கிறது. நம் நாட்டு முறையில் ஒரு கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அதாவது தலைமுடியின் பருமன் அளவே. ஹெட் அந்தக் கோட்டைவிட்டுச் சற்று விலகினால் பட்டை விழும். வி.சி.ஆரில் டிராக்கிங் என்று எழுதிய பொத்தானை மெல்லத் திருப்பிப் பட்டையைப் படத்திற்கு வெளியே தள்ளிவிடலாம். பதிவு தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

மங்கலான ஒரு பட்டை படத்தின் குறுக்கே மெதுவாக ஏறியோ இறங்கியோ செல்கிறதா? இது நாடாவின் குற்றமன்று, மின்சாரத்தின் வேலை. நம் வீட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைகிறது. நம் தொலைக்காட்சிப் படமும் நொடிக்கு 50 முறை மேலிருந்து கீழாக வரையப்படுகிறது. இரண்டும் சரிசமமாக இருந்தால் பட்டை அசையாமல் நிற்கும். மின்னோட்டம் 49.9 முறை அலைந்தால், வித்தியாசம் 0.1, ஆகவே பட்டை படத்தைக் கடக்க 10 நொடி ஆகும். பட்டையின் வேகத்தை வைத்தே அது மின்கம்பியிலிருந்து வந்தது என்று கண்டுகொள்ளலாம். பெரும்பாலும், கேபிள் டி.வி. ஒயரின் எர்த்தும் வீட்டு பிளக்கின் எர்த்தும் வெவ்வேறாக இருப்பதே இதற்குக் காரணம். பதிவு செய்யும்போது கேபிள் ஒயரைக் கழற்றிவிட்டு, எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையில் செருகிப் பாருங்கள். பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் ஒருபோதும் நீக்காதீர்கள். அது உயிரைக் காக்கும் முள்.

படத்தின் மேற்பகுதி ஒருபுறம் கொடிபோல் வளைந்து ஆடுகிறதா? நாடா ஓடும்போது நீண்டும் சுருங்கியும், ஒவ்வொரு கோடும் சற்று முன்னும் பின்னுமாக வந்து சேருகிறது. பழைய தொலைக்காட்சிப் பெட்டி இதைப் பொறுத்துக்கொள்ளும். டிவிடி கருவி கண்டிப்பானது. கோடுகள் நேரம் தவறினால் திணறும். சில சமயம் அந்தத் திணறலில், நம் வீட்டுக் காசெட்டையே படியெடுக்கத் தடை செய்யப்பட்ட சினிமா காசெட் என்று தவறாக எண்ணிப் பதிவு செய்ய மறுத்துவிடும். கோடுகளை நேரப்படி வரிசைப்படுத்தி அனுப்பும் துணைக்கருவிகள் உண்டு. சில உயர்தர வி.சி.ஆர்.களிலேயே அந்த அமைப்பு இருக்கிறது.

படம் கறுப்பு வெள்ளையாக வருகிறதா? காசெட் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று விசாரியுங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் 'பால்' என்னும் வண்ணமுறை வழங்கிவந்தது. (குடிக்கும் பால் அன்று!) அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கியது என்.டி.எஸ்.சி. முறை. நம் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். அவர்கள் முறையில் 525. அமெரிக்காவிலிருக்கும் மாமா அனுப்பிய காசெட் இங்கே நிறமிழந்தோ, உருண்டோ தெரிந்தால், அது காசெட்டின் பழுதன்று, முறையின் வேறுபாடு. இரண்டு முறைகளையும் ஏற்கும் வி.சி.ஆர். தேவை.

பேய் உருவமும் மலையின் தொலைவும்

இன்னொரு பழுதைத் தனியே சொல்ல வேண்டும். சில பழைய காசெட்டுகளில், தொலைக்காட்சியிலிருந்து பதிந்த நிகழ்ச்சிகளில், ஒவ்வோர் உருவத்தின் வலப்புறமும் மங்கலான இன்னோர் உருவம் நிற்கும். பேய் உருவம் என்று இதைச் சொல்வார்கள்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கியது. பின்னர் கொடைக்கானல் மலைமேல் அஞ்சல் நிலையம் அமைந்து, தென்மாவட்டங்களுக்கும் படம் வந்து சேர்ந்தது. அக்காலத்தில் வீட்டுக் கூரைமேல் ஏரியல் நட்டுப் படம் பிடித்தார்கள். அலை நேராக வந்து ஏரியலைத் தொடும். அதே அலை அருகிலுள்ள குன்றில் மோதித் திரும்பி இன்னொரு முறையும் தொடும். தாமதமாக வந்த அலைதான் பேய் உருவம். அந்தப் பழைய ஒளிபரப்பு முறையில் இயங்கிய தூர்தர்ஷன் நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை 2022ஆம் ஆண்டுக்குள் மூடப்பட்டுவிட்டன.

ஒரு கணக்குப் போடுவோம். படத்தின் ஒரு கோடு திரையில் தெரியும் நேரம் 52 மைக்ரோ நொடி. மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. திரையின் அகலம் 52 செ.மீ. என்றால், 1 செ.மீ. வரைய 1 மைக்ரோ நொடி ஆகிறது. அந்த நேரத்தில் வானொலி அலை 300 மீட்டர் செல்லும். ஆகவே பேய் உருவம் 1 செ.மீ. தள்ளி நின்றால், திரும்பி வந்த அலை 300 மீட்டர் கூடுதலாக நடந்திருக்கிறது. குன்று வீட்டுக்கு நேர் பின்னால் இருந்தால், போக 150, வர 150. அதாவது குன்று 150 மீட்டர் தொலைவில் இருக்கிறது!

இப்படிப்பட்ட காசெட்டை எந்தக் கருவியில் ஓட்டினாலும் பேய் உருவம் போகாது. அது பதிவானபோதே உடன் பதிந்தது. ஒயரை மாற்றி, கருவியை மாற்றிப் பணத்தைச் செலவழிப்பது வீண். எதைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது என்று பிரித்தறிவதும் பழுது பார்க்கும் கலையில் பாதி.

சிக்கனம் எங்கே கூடாது?

இதுவரை கூறியவை டிவிடி கருவிக்குள் நுழையும் முன் உள்ள பழுதுகள். ஒரு பழுது மட்டும் கருவிக்குள்ளேயே பிறக்கிறது. படம் சிறு சிறு சதுரங்களாக உடைவதுதான் அது. இந்தப் பழுதுக்குக் கருவியைவிட நமது சிக்கனமே பெரும்பாலும் பொறுப்பு.

டிவிடி பதிவுக்கருவி படத்தின் ஒவ்வொரு நொடியையும் எண்களாக மாற்றுகிறது. ஒரு படத்தில் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள். நொடிக்கு 25 படங்கள். புள்ளிக்குச் சராசரி 12 பிட் என்று கொண்டால், நொடிக்கு ஏறக்குறைய 12 கோடியே 44 லட்சம் பிட் ஆகிறது. ஆனால் ஒரு சாதாரண வட்டின் கொள்ளளவு 470 கோடி பைட், அதாவது 3,760 கோடி பிட். அப்படியே எழுதினால் ஐந்தே நிமிடத்தில் வட்டு நிரம்பிவிடும். ஆகவே கருவி படத்தைச் சுருக்குகிறது. அசையாத சுவரைத் திரும்பத் திரும்ப எழுதாமல், 'முன்போலவே' என்று மட்டும் குறித்துக்கொள்கிறது.

இரண்டு மணி நேர முறையில் பதிந்தால் நொடிக்குக் கிடைப்பது சுமார் 52 லட்சம் பிட். இருபத்து நான்கில் ஒரு பங்கு. ஆறு மணி நேர முறையில் பதிந்தாலோ சுமார் 17 லட்சம்தான். எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஒரே வட்டில் மூன்று காசெட் அடங்குகிறதே என்று மகிழ்கிறோம். என்ன இழக்கிறோம் என்று பார்த்தோமா?

சதிர் ஆடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் உயரம் 150 செ.மீ. என்றும், படத்தின் 576 கோடுகளில் 400 கோடுகளை அவர் உருவம் நிரப்புகிறது என்றும் கொள்வோம். 1.5 செ.மீ. பருமனுள்ள விரலைக் கிடையாக நீட்டினால் அது நான்கு கோடுகளில் அடங்கும். பெரும்பாலான கருவிகள் ஆறு மணி நேர முறையில் 576 கோடுகளை 288ஆகக் குறைத்துவிடுகின்றன. விரல் இரண்டு கோடாகிவிடும். நொடிக்கு 50 முறை பதிவான அசைவும் 25ஆகக் குறையும். முத்திரை பிடித்த விரல்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும். விரைந்து வைக்கும் அடியில் ஒன்றைவிட்டு ஒன்று காணாமற்போகும். ஒரு வட்டின் விலையை மிச்சப்படுத்தி, அந்த ஆட்டத்தின் விரல்களைத் தொலைத்துவிட்டோம்!

மயில் தோகை விரித்து ஆடும் காட்சியும் அப்படியே. ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் ஒரே சமயத்தில் அசையும்போது, 'முன்போலவே' என்று கருவி எழுதுவதற்கு எதுவுமில்லை. பிட் போதாமல் படம் சதுரம் சதுரமாக உடைகிறது.

இங்கே இன்னொரு நுட்பம் உண்டு. படத்தில் பெய்யும் 'பனி' ஒவ்வொரு கணமும் இடம் மாறுகிறது. கருவிக்கு அது பழுது என்று தெரியாது. அதையும் புதிய செய்தி என்று எண்ணி, இருக்கும் கொஞ்சப் பிட்டுகளை அதற்கே வாரிக் கொடுக்கிறது. முகத்துக்கும் விரலுக்கும் மிஞ்சுவது குறைவு. ஆகவே ஹெட்டைச் சுத்தம் செய்வது பனியை மட்டும் நீக்குவதில்லை. மற்ற எல்லாவற்றையும் தெளிவாக்குகிறது. முதலில் மூலத்தைச் சுத்தம் செய், பிறகு பதிவு செய் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

சிலர் கூறும் மறுப்பு

'இதெல்லாம் எதற்கு? கடையில் கொடுத்தால் மாற்றித் தந்துவிடுவார்களே!' என்று சிலர் கேட்கலாம். கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் கடைக்காரருக்கு அது நூற்றில் ஒரு காசெட். உங்கள் ஊர் ஆட்டத்தில் எந்த அசைவு முக்கியம், படத்தில் நிற்பவர் யார் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. இரண்டு மணி நேர முறையில் பதியுங்கள், டிராக்கிங்கைச் சரிசெய்து பதியுங்கள் என்று கேட்கத் தெரிந்த வாடிக்கையாளருக்கு நல்ல வேலை கிடைக்கும்.

'டிவிடியே பழங்கதை ஆகிவிட்டதே!' என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்விதான். டிவிடி பதிவுக்கருவி ஜப்பானில் 1999ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது; இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. வீட்டில் இருப்பதையோ, பழையதாகக் கிடைப்பதையோ பயன்படுத்த வேண்டும். அல்லது வி.சி.ஆரைக் கணிப்பொறியோடு இணைக்கும் சிறு கருவியைப் பயன்படுத்தலாம். எதைப் பயன்படுத்தினாலும் சங்கிலி ஒன்றே, பழுதுகளும் அவையே. வட்டும் நிரந்தரமன்று. ஆகவே வட்டில் பதிந்ததைக் கணிப்பொறியின் வன்தட்டிலும் ஒரு பிரதி எடுத்து, வேறொரு வீட்டில் வைப்பது அறிவுடைமை. படியெடுத்தாயிற்றே என்று மூலக் காசெட்டை எறிந்துவிடாதீர்கள். நாளை இதைவிட நன்றாகப் படியெடுக்கும் வழி வரலாம்.

'படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த ரிப்பேர் வேலை எதற்கு?' என்று பெற்றோர் சிலர் சலித்துக்கொள்ளலாம். அவர்களுக்கு என் பதில் இது: அலை, அதிர்வெண், எதிரொளிப்பு, காந்தப்புலம் ஆகிய எல்லாம் பாடப் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாக இருக்கின்றன. ஒரு பழைய காசெட்டில் இவை யாவும் ஒரே மாலைப்பொழுதில் கண்முன் வருகின்றன. தேர்வில் விடை முன்பே இருக்கிறது. அதை நினைவுபடுத்தினால் போதும். பழுதில் விடை முன்பே இல்லை. தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் தேடலுக்கு நம் பள்ளிகளில் இடம் குறைவாக இருப்பது வருந்தத்தக்கது. அறிவியல் மன்றம் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாணவர்கள் கூடி, ஊரில் உள்ள ஒரு காசெட்டைத் திருத்தமாகப் படியெடுக்கும் பணியை மேற்கொள்ளலாம் என்பது என் யோசனை.

நீங்கள் செய்ய வேண்டியது

வீட்டில் உள்ள காசெட்டுகளை எடுத்து, முதலில் ஒரு பட்டியல் எழுதுங்கள்: எந்த ஆண்டு, எந்த நிகழ்ச்சி, யார் எடுத்தது, யார் யார் இருக்கிறார்கள். பெயர்களைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, வேறெங்கும் பிரதி இல்லாத காசெட்டை முதலில் தேர்ந்தெடுங்கள். சினிமா காசெட்டுகள் பொறுத்திருக்கட்டும்.

கருவியைச் சோதிக்க, முக்கியமில்லாத ஒரு காசெட்டை ஓட்டுங்கள். படம் எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். பழுது இருந்தால் மேலே சொன்ன இரண்டு சோதனைகளைச் செய்து, எந்தக் கண்ணியில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பிறகு தேர்ந்தெடுத்த காசெட்டை இரண்டு மணி நேர முறையிலோ, அதைவிட நல்ல முறையிலோ ஐந்து நிமிடம் மட்டும் பதியுங்கள்.

பதிந்த ஐந்து நிமிடத்தை வட்டிலிருந்து திரும்ப ஓட்டிப் பார்க்கத் தவறாதீர்கள். பல கருவிகளில், பதிவு நடக்கும்போது தொலைக்காட்சியில் தெரிவது உள்ளே வரும் படமேயன்றி, சுருக்கி எழுதப்பட்ட படமன்று. எழுதியது எப்படி இருக்கிறது என்பது திரும்ப ஓட்டும்போதுதான் தெரியும். விரல்கள் தெளிவாகத் தெரிகின்றனவா? முகம் அகலமாக இழுபட்டுத் தெரிகிறதா? அப்படித் தெரிந்தால், பழைய சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுத்திருக்கிறோம் என்று பொருள். படத்தின் வடிவத்தை 4:3 என்று மாற்றுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் முழுவதையும் பதிந்து, வேறு கருவிகளிலும் ஓடும்படி வட்டை முடித்துவைக்கும் கட்டளையைக் கொடுங்கள். இதைச் செய்யாத வட்டு அடுத்த வீட்டுக் கருவியில் ஓடாமல் போகலாம்.

இவ்வளவுக்கும் ஓர் ஞாயிற்றுக்கிழமை போதும். அன்று படம் கெட்டுத் தெரிந்தால் பெட்டியைத் தட்டாதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அது எந்த வகைப் பழுது என்று ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். பார்த்ததை நோட்டில் எழுதிக்கொண்டு, அதற்கு மேல் ஒயரில் கை வையுங்கள்.